பேரண்ட்ஸ் கேட்வே: செயலி நன்றாகத்தான் இருக்கிறது, பூட்டுதான் ரொம்பப் பெரிசு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரை எங்கே போனது என்பதுதான் இந்த விமர்சனத்தில் முக்கால்வாசி. அதில் பாதிப் பழி செயலியின் மேல், மீதிப் பழி அதற்குள் எதைப் போடுவது, வெளியே எதைப் போடுவது என்று தீர்மானிக்கிற பள்ளிகளின் மேல். பிரித்துப் பிரித்துச் சொன்னால் புரியாது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போகாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பேரண்ட்ஸ் கேட்வே என்பது சிங்கப்பூர்க் கல்வி அமைச்சும், அரசாங்கத்தின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கும் சேர்ந்து உருவாக்கிய இலவசச் செயலி, 2019-ல் வந்தது. பள்ளி பெற்றோருக்கு அனுப்புகிற அறிவிப்புகளும் ஒப்புதல் படிவங்களும் இதில்தான் வருகின்றன. அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸ் வைத்து உள்ளே போக வேண்டும், போனால் உங்கள் பிள்ளைகளின் பெயர்கள் அங்கே இருக்கும், எந்தப் பிள்ளைக்கு என்ன கடிதம் என்று பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு பேர், பெரியவள் உயர்நிலையில், சின்னவன் தொடக்கநிலை ஐந்தில். அதனால் இரண்டு பள்ளிகளின் கடிதங்களும் ஒரே கைபேசியில் வந்து விழுகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஒப்புதல் படிவம் விஷயத்தில் இந்தச் செயலிக்குக் கோவில் கட்டலாம். பெரியவள் தொடக்கநிலையில் சேர்ந்த புதிதில் எல்லாம் காகிதம்தான். கடிதத்தின் அடியில் புள்ளிக்கோடு போட்டு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், அதைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டு மறுநாளே கொடுத்தனுப்ப வேண்டும். பையின் அடியில் தண்ணீர் போத்தல் கசிந்து நனைந்த அந்தச் சீட்டைக் காலை ஆறு மணிக்கு ஹேர் டிரையரில் காயவைத்த பெற்றோர் நான் மட்டுமாக இருக்க மாட்டேன். இப்போது பேருந்தில் நின்றுகொண்டே விலங்கியல் தோட்டத்துக்குச் சரி, பல் மருத்துவப் பரிசோதனைக்குச் சரி என்று தட்டிவிட்டால் முடிந்தது. பள்ளி விடுமுறையில் வெளிநாடு போவதைத் தெரிவிப்பதும் இதிலேயே. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு பேருக்குமே கடிதம் வருகிறது என்பதால் "எனக்குச் சொல்லவே இல்லையே" என்கிற சாக்கு எங்கள் வீட்டில் ஒழிந்தது, இதற்கே தனியாக அரை நட்சத்திரம் கொடுக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் இதனால் நிம்மதிதான். 2024 செப்டம்பரில் அப்போதைய கல்வி அமைச்சர் சான் சுன் சிங், ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் பெற்றோரிடம் தர வேண்டியதில்லை, அவசரமாக இருந்தாலொழிய பள்ளி நேரம் முடிந்தபின் வருகிற வேலை சம்பந்தமான செய்திகளுக்குப் பதில் போட வேண்டியதும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். என்னைக் கேட்டால் அது பத்து வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. ராத்திரி பத்தரைக்கு "டீச்சர், நாளைக்கு ஸ்பெல்லிங் எந்தப் பக்கம்" என்று கேட்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஆசிரியரிடம் கேட்கிற வழி அடைபட்டால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் வேறெங்காவது கிடைக்க வேண்டும் அல்லவா? அந்த வேறெங்காவது எது என்பதில்தான் என் புகாரே ஆரம்பிக்கிறது.

செயலி யாருக்குத் திறக்கும்? பள்ளியின் பதிவேட்டில் பெற்றோர், பாதுகாவலர் என்று இருப்பவர்களுக்குத் திறக்கும். சரி, ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது, சாப்பாடு போடுவது, சீருடை துவைப்பது, நாளைக்கு விளையாட்டு உடையா சாதாரண உடையா என்று பார்ப்பது எல்லாம் யார் செய்கிறார்கள்? தோ பாயோவிலிருந்து பொங்கோல் வரை எந்தப் பள்ளி வாசலில் வேண்டுமானாலும் மதியம் ஒன்றரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். பாட்டி, தாத்தா, பணிப்பெண், மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து வந்த அக்கா, இவர்கள்தான் நிற்பார்கள். அம்மா அப்பாக்களை எண்ணிவிடலாம். தகவல் யாருக்கு வருகிறதோ அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள், யாருக்கு வேண்டுமோ அவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டில் சின்னவனைக் கூட்டி வருவது என் மாமியார். அவனுக்கு உயர் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்தபின் தனியாக நடக்கும், அந்த நாளில் மட்டும் அத்தை தாமதமாகப் போவார். ஒருநாள் காலை ஒன்பது மணி வாக்கில் பள்ளியிலிருந்து கடிதம்: இன்று உயர் தமிழ் வகுப்பு இல்லை, வியாழக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம், மாணவர்கள் வழக்கமான நேரத்தில் பின்வாசல் வழியாக அனுப்பப்படுவார்கள், முன்வாசலில் கட்டட வேலை. நான் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளே போகும்போதே கைபேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும், என் கணவர் அன்றைக்கு விமானத்தில். பையன் பின்வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், அத்தை தாமதமாக வந்து முன்வாசலில் அடைத்திருந்த தகரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காவலாளியிடம் கேட்டதற்கு அவர் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார், "ஆண்ட்டி, ஆப்பில் இருக்கும், பாருங்கள்." அத்தையிடம் என்ன ஆப் இருக்கிறது? வாட்ஸ்அப் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது, பஸ் எப்போது வரும் என்று காட்டுகிற ஒன்று இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் கோபமாகக்கூட இல்லை. "ஏம்மா, வாசல்லயாவது ஒரு பேப்பர் ஒட்டியிருக்கலாமே, நாலு பேர் என்னை மாதிரியே நின்னாங்க" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தை அப்புறம் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். பள்ளியின் சின்னம், தேதி, ஒரு நீண்ட கோப்பு எண், அன்புள்ள பெற்றோர்களே என்று ஆரம்பித்து நாலு பத்தி, வாசல் மாறிய விஷயம் மூன்றாவது பத்தியில். அதில் ஒரு பிள்ளையின் பெயரோ, ஆசிரியரின் பெயரோ, மதிப்பெண்ணோ, மருத்துவ விவரமோ கிடையாது. ஊரே படித்தாலும் யாருக்கும் எதுவும் குறையாது. கடைசி வரி மட்டும், இந்தத் தகவல் பெறுநருக்கு மட்டுமே, பிறரோடு பகிர வேண்டாம் என்றது. பள்ளி அலுவலகத்துக்கு போன் செய்து, இந்த மாதிரிக் கடிதத்தைப் பள்ளி இணையதளத்திலும் போடலாமே என்று கேட்டேன். "அது உள் தகவல் மேடம், பேரண்ட்ஸுக்கு மட்டும்தான் அனுப்புறோம்" என்றார்கள். எது உள், எது வெளி என்று யார் பார்த்துப் பிரித்தார்கள் என்று கேட்டால், அப்படி யாரும் பிரிப்பதாகத் தெரியவில்லை. செயலியில் போட்டுவிட்டால் அது தானாகவே உள் தகவல் ஆகிவிடுகிறது.

நம்முடைய வீவக அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கிற அறிவிப்புப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நாளை காலை தண்ணீர்த் தொட்டி கழுவுகிறோம், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை தண்ணீர் வராது என்று நகர மன்றம் ஒட்டியிருக்கும். எந்த வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவரா, விருந்தாளியா என்று யாரும் கேட்பதில்லை. அதே நகர மன்றம், யார் எத்தனை மாதம் கட்டணம் பாக்கி என்பதை அங்கே ஒட்டுவதில்லை, அது அந்தந்த வீட்டுக்குக் கடிதமாகப் போகிறது. இந்த அளவுக்குப் பகுத்தறிவு பள்ளிக் கடிதங்களிலும் இருந்தால் எனக்குப் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பள்ளிகள் மூடிவைக்கிற ஆட்களே கிடையாது, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அவ்வளவு விஷயம் ஏற்கெனவே வெளியில் கிடக்கிறது. கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டரில் போய் எந்தப் பள்ளியில் எந்தத் தாய்மொழி இருக்கிறது, என்னென்ன இணைப்பாட நடவடிக்கை இருக்கிறது என்று தேடலாம். அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் எல்லாப் பள்ளிகளின் முகவரி, தொலைபேசி எண், அருகில் இருக்கும் பேருந்து, ரயில் நிலையம் உட்பட ஒரே அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். தொடக்கநிலை ஒன்று பதிவு நடக்கும்போது எந்தப் பள்ளியில் எத்தனை இடம், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எங்கே குலுக்கல் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக அமைச்சே வெளியிடுகிறது, அந்த எண்களை வைத்து ஜாதகம் பார்க்கிற அளவுக்கு நம் மக்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். பாடநூல் பட்டியலைப் பல பள்ளிகள் தங்கள் தளத்தில் போடுகின்றன. மாணவர் கையேட்டைப் போடுகிற பள்ளிகளும் நிறைய. முடி சட்டையின் காலரைத் தொடக் கூடாது, காதணி ஒரு ஜோடிதான் என்பதெல்லாம் உலகமே படிக்கலாம். ஆனால் இன்று எந்த வாசல் என்பது மட்டும் ரகசியம்.

சில பள்ளிகள் பொதுக் கடிதங்களையும் தளத்தில் ஏற்றத்தான் செய்கின்றன, அவர்களுக்கு ஒரு கும்பிடு. பள்ளித் தளங்கள் எல்லாம் இப்போது கவ்டெக்கின் ஐசோமர் என்கிற ஒரே அச்சில் வார்த்தவை, பெற்றோருக்கென்று ஒரு பக்கம் வைப்பது பெரிய வேலையே இல்லை. ஒரு பிடிஎஃப்பை அங்கேயும் ஏற்ற எத்தனை நிமிடம் ஆகும்? நான் பார்த்த பல தளங்களில் அந்தப் பக்கம் இருக்கிறது, அதில் கடைசியாக ஏறிய கடிதம்தான் பழைய பஞ்சாங்கம். செயலி வந்தபின் அந்தப் பக்கத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. அதாவது செயலி வந்ததால் வெளியே இருந்த தகவல் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை, ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது.

தமிழ்ப் பெற்றோருக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு கிடையாது. பிள்ளைகள் குறைவாக இருக்கிற இடங்களில் வேறு பள்ளிக்கோ, பீட்டி ரோட்டில் இருக்கிற உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்கோ போய்ப் படிக்க வேண்டி வரும். பள்ளியில் தமிழ் உண்டா இல்லையா என்பது ஸ்கூல்ஃபைண்டரில் தெரிந்துவிடும். ஆனால் அடுத்த கேள்விகள்தான் ஒரு குடும்பத்துக்கு முக்கியம்: வகுப்பு பள்ளி நேரத்துக்குள்ளா, முடிந்தபிறகா? வேறு இடம் என்றால் யார் கூட்டிக்கொண்டு போவது? மற்ற பிள்ளைகள் சீன வகுப்புக்குப் போகும்போது இவன் எங்கே உட்கார்ந்திருப்பான்? இதற்கெல்லாம் விடை கண்டிப்பாக ஒரு கடிதத்தில் இருக்கும், ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் அனுப்பியிருப்பார்கள். ஆனால் பிள்ளையைச் சேர்த்தபின்தான் அந்தக் கடிதம் உங்களுக்கு வரும். சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது தேவைப்பட்ட தகவல், சேர்த்து முடித்தபின் அறிவிப்பாக வந்து என்ன பயன்? அதனால் எல்லாரும் என்ன செய்கிறார்கள், யாராவது தெரிந்தவர் பிள்ளை அங்கே படிக்கிறதா என்று தேக்கா காய்கறிக் கடையில் வைத்துக்கூட விசாரிக்கிறார்கள். தெரிந்தவர் இருக்கிறவனுக்குத் தகவல் கிடைக்கும், ஊருக்குப் புதிதாக வந்தவனுக்குக் கிடைக்காது.

துணைப்பாட ஆசிரியர்களும் இதே கஷ்டத்தைச் சொல்கிறார்கள். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் 2019-லிருந்து பரீட்சையே கிடையாது, அரையாண்டுத் தேர்வு 2023-க்குள் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் எல்லாவற்றிலும் எடுத்தாகிவிட்டது, நல்லதுதான். இப்போது இருக்கிற சின்னச் சின்ன மதிப்பீட்டுத் தேர்வுகளின் தேதி, பாடப்பகுதி எல்லாம் கடிதத்தில் வருகின்றன. வசதியான பெற்றோர் அதை உடனே டியூஷன் ஆசிரியருக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வேலை பார்க்கிற அம்மாவின் பிள்ளைக்குச் சமூக மன்றத்தில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிற தொண்டூழியருக்கு யார் அனுப்புவது? அந்தப் பிள்ளையே சொன்னால்தான் உண்டு, பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, மூடிவைத்தால் மூடியிருக்கிறதா? அதுவும் இல்லை. கடிதம் வந்த ஐந்தாவது நிமிடம் ஸ்கிரீன்ஷாட் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. அதிலிருந்து பெற்றோர் ஆதரவுக் குழுவுக்கு, அதிலிருந்து பக்கத்து பள்ளிக் குழுவுக்கு. போகிற வழியில் தேதி வெட்டுப்படும், பள்ளியின் பெயர் வெட்டுப்படும். போன வருடக் கடிதம் இந்த வருடத்துக் கடிதமாகச் சுற்றும். எது அசல் என்று பார்க்க ஒரு பொது இடம் இல்லாததால், யார் உறுதியாகச் சொல்கிறாரோ அவர் சொல்வதுதான் செய்தி. 2020-ல் கோவிட் வந்தபோது எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 3-ம் தேதி பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னார், 8-ம் தேதியிலிருந்து எல்லாருக்கும் வீட்டிலிருந்தே படிப்பு. அது எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டதால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டார்கள், வதந்திக்கு வேலையே இல்லை. இன்னொன்று, பள்ளியின் பெயரில் பணம் கட்டச் சொல்லிப் போலிக் கடிதம் வந்தால்? அசல் கடிதங்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மோசடிக்காரனுக்குப் பயந்து மூடுகிறோம் என்பவர்கள் இந்தப் பக்கத்தையும் யோசிக்கலாம்.

இப்போது எதிர்த்தரப்பு. எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியையிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் மெதுவாகச் சிரித்துவிட்டு, "நீங்க சொல்றது சரிக்கா, ஆனா தொடக்கநிலை நாலு பிள்ளைங்க நூத்தம்பது பேரு எந்தத் தேதியில, எத்தனை மணிக்கு, எந்த எம்ஆர்டில இறங்குறாங்கன்னு இணையத்துல போட்டா நீங்களே முதல்ல புகார் பண்ணுவீங்க" என்றார். பண்ணுவேன், சந்தேகமே இல்லை. வெளியே போகிற பயணம், முகாம், எந்தப் பிள்ளை யாரோடு வருகிறது, இவையெல்லாம் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். புகைப்படம் கூடவே கூடாது. ஒரு வகுப்பில் நடந்த அடிதடியைப் பற்றி அந்த வகுப்புப் பெற்றோருக்குப் போகிற கடிதத்தில் பெயரே போடாவிட்டாலும், அது வெளியே வந்தால் யார் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், நம் ஆட்களுக்கு அந்தத் திறமை அதிகம்.

அவர் சொன்ன இன்னொன்றும் யோசிக்க வைத்தது. ஒவ்வொரு கடிதமும் ஊர் பார்வைக்குப் போகும் என்று தெரிந்தால், முதல்வர் மனம்விட்டு எழுத மாட்டார், வழவழா கொழகொழா என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அப்புறம் பெற்றோருக்கே உருப்படியான செய்தி கிடைக்காது. இதில் உண்மை இருக்கிறது. அதே நேரத்தில், வாசல் மாற்றத்துக்கும் தேர்வுத் தேதிக்கும் மனம்விட்டு எழுத என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். அதற்கு அவரும் தலையாட்டினார்.

மூடுவதில் நன்மை உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் முதலிடம் யார் என்று முன்பெல்லாம் பத்திரிகையில் படத்தோடு வரும். 2012-ல் அந்தப் பெயர்களை வெளியிடுவதை அமைச்சு நிறுத்தியது, உயர்நிலைப்பள்ளிகளைத் தரவரிசைப் பிரிவுகளாகப் பிரிப்பதையும் அதே ஆண்டில் கைவிட்டது. அப்போது எங்கள் பக்கத்து வீட்டு மாமா, "இனி யாரைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டுறது" என்று நொந்துகொண்டார். அந்த மூடலால் பிள்ளைகள் பிழைத்தார்கள். எல்லாவற்றையும் திற என்று நான் கோஷம் போடவில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டினால் பத்திரம் என்கிற நம்பிக்கை அப்படியே ஏற்கக்கூடியது இல்லை. 2024 ஏப்ரலில் மொபைல் கார்டியன் என்கிற, மாணவர் சாதனங்களைக் கட்டுப்படுத்துகிற வெளி நிறுவனத்தின் அமைப்பிலிருந்து 127 பள்ளிகளின் பெற்றோர், ஊழியர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த நிறுவனத்தை மறுபடி ஊடுருவினார்கள், 26 உயர்நிலைப்பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்கள் தூரத்திலிருந்தே அழிக்கப்பட்டன, பாடக் குறிப்பெல்லாம் போயிற்று என்று அழுத பிள்ளைகள் எத்தனை பேர். அப்புறம் அமைச்சு அந்தச் செயலியையே எல்லாச் சாதனங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. பேரண்ட்ஸ் கேட்வேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இது அரசாங்கமே நடத்துவது, குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது, உண்மையில் காக்க வேண்டியதைக் காக்கத்தான் பூட்டுக்குச் சக்தி செலவாக வேண்டும். வாசல் எண்ணையும் நீச்சல் வகுப்புத் தேதியையும் சேர்த்துப் பூட்டிவைத்தால், எது உண்மையிலேயே ரகசியம் என்ற உணர்வே எல்லாருக்கும் மரத்துப்போகும். "பகிர வேண்டாம்" என்ற வரியை எல்லாக் கடிதத்திலும் போட்டால், கட்டாயம் பகிரக் கூடாத கடிதத்திலும் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் அதைத்தான் பார்க்கிறோம்.

இந்தியாவிலிருந்து வந்த என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல பத்து ரூபா கட்டி ஆர்டிஐ போட்டுடுவோம்" என்றாள். அங்கே 2005-லிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அரசுப் பள்ளியிடம் கேள்வி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். 2011-ல் உச்ச நீதிமன்றம், தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கவே அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு என்று, சிபிஎஸ்இ என்கிற மத்தியப் பள்ளித் தேர்வு வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லிவிட்டது. சிபிஎஸ்இ பள்ளிகள் கட்டணம், ஆசிரியர் எண்ணிக்கை, கட்டடப் பாதுகாப்புச் சான்றிதழ் போன்றவற்றைத் தங்கள் தளத்தில் போட்டாக வேண்டும். இங்கிலாந்திலும் அரசு நிதியில் நடக்கிற பள்ளிகள் தகவல் சுதந்திரச் சட்டத்துக்குள் வருகின்றன, கேட்டால் 20 பள்ளி நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தனிப்பட்டவரின் விவரங்கள் போன்றவற்றை மறைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. வேண்டுமா என்பது பெரிய விவாதம், செயலி விமர்சனத்தில் அதை இழுத்தால் நன்றாக இருக்காது. எனக்குத் தெரிந்த வரை இங்கே யாரும் முதல்வரின் உள் மின்னஞ்சலைக் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது, ஏற்கெனவே ஆயிரம் பேருக்கு அனுப்பிய கடிதம். ஆயிரம் குடும்பத்துக்குப் போனபின் அதை உள் தகவல் என்று சொல்வதே கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும்.

ஆக, செயலிக்கு என்ன மாற்றம் வேண்டும்? கடிதம் அனுப்புகிற இடத்தில் ஒரு பொத்தான். இது எல்லாருக்கும் பொது என்று ஆசிரியர் தட்டினால், அதே கடிதம் பள்ளித் தளத்தின் பெற்றோர் பக்கத்திலும் தேதியோடு ஏற வேண்டும். தட்டாவிட்டால் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், பாதுகாப்பான பக்கம் அதுதான். செயலியும் கவ்டெக்குடையது, தளங்களின் அச்சும் கவ்டெக்குடையது, ஒரே வீட்டுக்குள் ஒரு குழாய் இழுக்கிற வேலைதானே. கூடவே பாட்டி தாத்தாவைப் பார்வையாளராக மட்டும் சேர்க்க எளிதான வழி இருந்தால் நன்றாக இருக்கும், ஒப்புதல் கொடுக்கிற அதிகாரம் அவர்களுக்கு வேண்டாம், படித்தால் போதும். அந்தப் பொதுக் கடிதங்கள் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலக் கடிதத்தின் மூன்றாவது பத்தி வரை போகப் பொறுமை இருக்காது. எனக்கே சில நாள் இருப்பதில்லை.

தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் கட்டாயம் இறக்கிக்கொள்ளுங்கள், வேறு வழியும் இல்லை. அப்பா அம்மா இருவரும் சேர்ந்துகொள்ளுங்கள், ஒருவர் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நோட்டிபிகேஷனை மூடாதீர்கள். கூட்டி வருபவர் வேறு ஆள் என்றால், பள்ளி அலுவலகத்தில் அவருடைய எண்ணையும் அவசரத் தொடர்பாக எழுதிக்கொடுத்துவிடுங்கள், நாங்கள் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறோம். அத்தை தன் பங்குக்கு, வாசலில் நிற்கிற மற்ற பாட்டிகளையும் இரண்டு பணிப்பெண்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார். வாசல் மாறினால், வகுப்பு நின்றால் அதில் தமிழ், மலாய், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து குரல் பதிவாக வந்துவிடுகிறது, பல நேரம் எனக்குச் செயலியில் வருவதற்கும் முன்னால்.

பெற்றோர் ஆதரவுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்தப் பொத்தான் விஷயத்தைக் கேட்கப் போகிறேன். பொத்தான் வருகிற வரைக்கும், பொதுவான கடிதங்களையாவது தளத்தில் ஏற்றுங்கள் என்று சொல்லப் போகிறேன், ஏற்றுகிற வேலைக்கு ஆள் இல்லை என்றால் நானே வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன் என்றும்.